13 வயது லாராவும் ஒரு கட்டுக் காகிதமும்!

லீவு விட்டதும் பாட்டி ஊருக்குப் போக என்ன வேண்டும்? பஸ் டிக்கெட் போதும். வெளிநாட்டுக்குப் போக? 'பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட்' என்று டக் டக்கென்று சொல்லிவிடுவீர்கள்.

சரி... உங்களிடம் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடலில் ரோடு கிடையாது, சிக்னல் கிடையாது, டோல்கேட்டும் கிடையாது. பாயை விரித்தோமா, காற்று தள்ளியதா, ஆப்பிரிக்காவோ ஆஸ்திரேலியாவோ போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதானே? யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்பார்கள் குட்டீஸ்! ஒருவர் இருவர் அல்ல... போகிற ஒவ்வொரு நாட்டிலும் கேட்பார்கள். சில நேரம் கிளம்புவதற்கு முன்பே, சொந்த ஊரிலேயே கேட்பார்கள். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த லாரா டெக்கர் என்ற சிறுமியிடம் கேட்ட மாதிரி!

பயணத்தின் நடுவே பிறந்த பாப்பா

லாராவின் அப்பா நெதர்லாந்துக்காரர், அம்மா ஜெர்மனிக்காரர். இரண்டு பேருக்கும் கடல் என்றால் உயிர். பாய்மரப் படகிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு வருடக்கணக்கில் உலகைச் சுற்றினார்கள். அந்தப் பயணத்தின் நடுவில், 1995 செப்டம்பர் 20ல், நியூசிலாந்தின் வாங்கரே என்ற துறைமுக ஊரில் பிறந்தவள்தான் லாரா. நாமெல்லாம் தரையில் தவழ்ந்தோம். அவள் ஆடுகிற படகில் தவழ்ந்தாள்!

ஆறு வயதிலேயே அவளுக்கென்று ஒரு குட்டிப் பாய்மரப் படகு கிடைத்துவிட்டது. பிறகு கொஞ்சம் பெரிய படகு வந்தது. அதற்கு அவள் வைத்த பெயர் 'கப்பி'. ஆமாம்... மீன் தொட்டியில் வளர்ப்போமே, அதே கப்பி மீன்தான்!

2009ல், 13 வயதில், யார் துணையும் இல்லாமல் அந்தப் படகில் வடகடலைக் கடந்து, இங்கிலாந்தின் லோஸ்டாப்ட் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தாள் லாரா. 'சபாஷ்' சொல்லி மாலை போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! 'இத்தனை சின்னப் பெண் தனியாகவா வந்தாள்?' என்று அதிர்ந்துபோன அதிகாரிகள், அவளை ஒரு குழந்தைகள் காப்பகத்தில் தங்க வைத்துவிட்டு, அப்பாவுக்குத் தகவல் சொன்னார்கள். அப்பா வந்தார், பேசினார். கடைசியில், போன மாதிரியே தனியாகப் படகை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினாள் லாரா!

கோர்ட்டுக்குப் போன கனவு

அதே வருடம் ஆகஸ்ட் மாதம் லாரா தன் திட்டத்தைச் சொன்னாள். 'தன்னந்தனியாக உலகைச் சுற்றப் போகிறேன். இரண்டு வருடம் ஆகும்.' அப்பா அவள் பக்கம் நின்றார்.

செய்தி பேப்பரில் வந்ததும் நாடே இரண்டாகப் பிரிந்து விவாதம் செய்தது. குழந்தைகள் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பு, நேராகக் கோர்ட்டுக்குப் போய்விட்டது. 2009 ஆகஸ்ட் 28ல் உட்ரெக்ட் நகர நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: 'லாரா இரண்டு மாதம் குழந்தைகள் நல அமைப்பின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். இப்போதைக்குப் பயணம் கிடையாது.' இரண்டு மாதம் முடிந்ததும், 2010 ஜூலை வரை அதை நீட்டித்தார்கள்.

ஏன் இப்படி? நீதிபதிகளுக்குக் கடல் பிடிக்காதா? அப்படி இல்லை. எழுந்த கேள்விகளைப் பாருங்கள்...

தனியாகப் போகிறவள் எப்போது தூங்குவாள்? அடிபட்டால் யார் கட்டுப் போடுவார்கள்? பள்ளிக்கூடம் என்ன ஆவது? நெதர்லாந்தில் 5 வயது முதல் 16 வயது வரை படிப்பு கட்டாயம். பெற்றோர் சம்மதித்தாலும், லீவு லெட்டர் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் காணாமல் போக முடியாது!

அந்த டிசம்பரில் லாரா யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டாள். ஊரெல்லாம் தேடியபோது, அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், கரீபியன் தீவான சின்ட் மார்ட்டனில் இருந்தாள். அங்கிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வீட்டில் உள்ளவர்கள் எப்படிப் பதறியிருப்பார்கள்!

தீர்ப்புக்காக லாரா காத்திருக்கட்டும். அதற்குள் நாம், தனியாள் ஒருவர் சொந்தப் படகில் நாடு விட்டு நாடு போக என்னென்ன காகிதங்கள் வேண்டும் என்று பார்த்துவிடலாம். அந்தப் பையைத் திறக்கலாமா?

படகுக்கும் ஒரு நாடு உண்டு!

கரையிலிருந்து 12 கடல் மைல் தூரம் வரை, அதாவது சுமார் 22 கி.மீ. வரை உள்ள கடல், அந்தந்த நாட்டுக்குச் சொந்தம். அந்த நாட்டின் சட்டம் அங்கே செல்லும். வெளிநாட்டுப் படகு யாருக்கும் தொந்தரவு தராமல் அந்த நீரைக் கடந்து போகலாம். ஆனால், நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது. இதற்கெல்லாம் அப்பால் இருக்கும் நடுக்கடல் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. எல்லா நாட்டுக் கப்பல்களும் அதில் போகலாம். 1982ல் உருவாகி, 1994ல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்டம் இதைச் சொல்கிறது.

'யாருக்கும் சொந்தமில்லாத கடலில் சட்டம் ஏது?' என்று கேட்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். கடலுக்கு நாடு இல்லை. ஆனால், படகுக்கு நாடு உண்டு! நடுக்கடலில் மிதந்தாலும் ஒரு படகுக்குள் செல்வது, அது எந்த நாட்டுக் கொடியைப் பறக்க விடுகிறதோ, அந்த நாட்டின் சட்டம்தான்.

கொடியைக் கடையில் வாங்கிக் கட்டிவிட்டால் போதாது. அந்த நாட்டில் படகைப் பதிவு செய்திருக்க வேண்டும். நம் அப்பாவின் பைக்குக்கு ஆர்.சி. புக் இருக்கிறதல்லவா? அது மாதிரி படகுக்கும் ஒரு பதிவுச் சான்றிதழ். படகின் பெயர், நீளம், உரிமையாளர் யார், சொந்தத் துறைமுகம் எது எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் படகின் பின்பக்கத்தில் பெயரையும் சொந்த ஊரையும் எழுதி வைப்பார்கள்.

ஒரு படகுக்கு ஒரு கொடிதான். இந்தத் துறைமுகத்தில் ஒரு நாட்டுக் கொடி, அந்தத் துறைமுகத்தில் இன்னொரு நாட்டுக் கொடி என்று வசதிக்கு ஏற்ப மாற்றிக் காட்டினால், 'நாடு இல்லாத படகு' என்று முடிவு கட்டிவிடலாம். அப்படிப்பட்ட படகை எந்த நாட்டுப் போர்க்கப்பலும் நடுக்கடலில் நிறுத்திச் சோதிக்கலாம். காப்பாற்ற ஒரு நாடும் வராது!

ஒன்பது இலக்க நம்பர்

படகில் ரேடியோ இருக்கும். அதற்கும் லைசென்ஸ் வேண்டும். அதை இயக்குகிறவர் பரீட்சை எழுதித் தனியாக ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். 'கண்டதையும் பேச ரேடியோ என்ன விளையாட்டா?' ஒருவர் அரட்டை அடித்துக்கொண்டிருந்தால், அதே அலைவரிசையில் ஆபத்தில் இருக்கும் இன்னொருவரின் குரல் அமுங்கிப்போய்விடும் அல்லவா?

படகுக்கு ஒன்பது இலக்கத்தில் ஒரு நம்பரும் உண்டு. செல்போன் நம்பர் மாதிரி! முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்தாலே எந்த நாட்டுப் படகு என்று சொல்லிவிடலாம். 419 என்று தொடங்கினால் இந்தியா. 512 என்றால் நியூசிலாந்து. 244 என்றால் நெதர்லாந்து.

எல்லாவற்றையும்விட முக்கியமான சாதனம் ஒன்று உண்டு. தண்ணீர் பாட்டில் அளவுதான் இருக்கும். அவசர அபாய ஒலிபரப்பி! படகு கவிழ்ந்தால் இதை இயக்க வேண்டும். அது வானத்தில் உள்ள செயற்கைக்கோளுக்குச் சிக்னல் அனுப்பும். செயற்கைக்கோள் கீழே உள்ள மீட்பு மையத்துக்குச் சொல்லும்.

சிக்னல் வந்துவிட்டது. ஆனால் அது யாருடைய படகு? எத்தனை பேர் இருக்கிறார்கள்? வீட்டுக்கு யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? இதற்காகத்தான் அந்தச் சாதனத்தையும் பதிவு செய்ய வேண்டும். படகின் பெயர், நிறம், வீட்டுத் தொலைபேசி எண் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால், அந்த ஒரு பக்கப் படிவம் ஒரு உயிரைக் காப்பாற்றும்!

நடுக்கடலில் 16 வயது ஆபி

நம்ப முடியவில்லையா? லாரா தீர்ப்புக்காகக் காத்திருந்த அதே சமயத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

அமெரிக்காவைச் சேர்ந்த 16 வயதுப் பெண் ஆபி சன்டர்லாண்டும் தனியாக உலகைச் சுற்றக் கிளம்பியிருந்தாள். 2010 ஜூன் 10ல் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், புயலில் அவள் படகின் பாய்மரம் முறிந்தது. பக்கத்தில் தீவு இல்லை, கப்பல் இல்லை. அபாய ஒலிபரப்பி மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

ஆஸ்திரேலியாவின் மீட்பு மையம் ஒரு பயணிகள் விமானத்தையே வாடகைக்கு எடுத்து அனுப்பியது. மறுநாள் விமானத்தில் இருந்தவர்கள் படகைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு அடுத்த நாள் பிரெஞ்சு மீன்பிடிக் கப்பல் ஒன்று வந்து அவளை மீட்டது. அலை எப்படி இருந்தது தெரியுமா? மீட்கும்போது அந்தக் கப்பலின் கேப்டனே கடலில் விழுந்து, அவரையும் தூக்க வேண்டியதாயிற்று!

'ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்ற வேண்டும்' என்பதும் கடல் சட்டம்தான். எனவே, ஒருவர் கடலுக்குப் போகும்போது அவருடைய உயிர் மட்டும் அல்ல, காப்பாற்ற வருகிறவர்களின் உயிரும் அதில் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் 'நீ யார், தயாராக இருக்கிறாயா?' என்று கேட்க மற்றவர்களுக்கும் உரிமை உண்டு.

தூக்கமும் சட்டப் பிரச்னைதான்!

இன்னொரு சங்கடம் கேளுங்கள். கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க 1972ல் சர்வதேச விதிகள் வகுத்தார்கள். கடல் போக்குவரத்து விதிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்தாவது விதி, 'எந்நேரமும் சுற்றுப்புறத்தைக் கண்ணாலும் காதாலும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்' என்கிறது. எந்நேரமும் என்றால் 24 மணி நேரமும்! தனியாகப் போகிறவர் தூங்கும்போது யார் கவனிப்பார்கள்?

ஆஸ்திரேலியச் சிறுமி ஜெசிகா வாட்சன் 2009 செப்டம்பரில், உலகப் பயணத்துக்கு முன்பு ஒத்திகை பார்க்கப் போனபோது, இரவில் ஒரு பெரிய சரக்குக் கப்பலோடு மோதிவிட்டாள். படகின் பாய்மரம் உடைந்தது. நல்ல வேளை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. படகைச் சரி செய்துகொண்டு அக்டோபரில் கிளம்பி, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், 210 நாள் கழித்து 2010 மே 15ல் சிட்னிக்கு வெற்றியோடு திரும்பினாள்.

தனியாகப் போகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூங்குவார்கள். அலாரம் வைத்து எழுந்து, நாலா பக்கமும் பார்த்துவிட்டு மறுபடி படுப்பார்கள். பக்கத்தில் கப்பல் வந்தால் எச்சரிக்கும் கருவிகளும் உண்டு. ஆனாலும், அந்த ஐந்தாவது விதியை அவர்களால் முழுசாகக் கடைப்பிடிக்க முடியாது என்பதுதான் உண்மை.

சரி, போய் வா!

இப்போது லாராவிடம் திரும்புவோம். அவள் சும்மா உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் தேடினாள்.

8 மீட்டர் படகு சின்னது என்றார்களா? சுமார் 12 மீட்டர் நீளத்தில், இன்னும் உறுதியான, இரண்டு பாய்மரம் கொண்ட படகு வந்தது. அதற்கும் 'கப்பி' என்றுதான் பெயர்! அடிபட்டால் என்ன செய்வாய் என்றார்களா? முதலுதவி கற்றுக்கொண்டாள். தூக்கம் கெட்டால் என்றார்களா? குறைந்த தூக்கத்தில் சமாளிக்கப் பயிற்சி எடுத்தாள். படிப்பு? தொலைதூரக் கல்வி மூலம் படகிலேயே படிக்க ஏற்பாடு ஆயிற்று.

2010 ஜூலை 27. மிடில்பர்க் நகர நீதிமன்றம், 'இனிமேல் கண்காணிப்பு தேவையில்லை. முடிவு பெற்றோர் கையில்' என்று சொல்லிவிட்டது. முதல் தீர்ப்பு வந்து ஏறக்குறைய 11 மாதம்! 'போகலாம்' என்று நீதிபதி கைகாட்டி அனுப்பவில்லை, குட்டீஸ். பொறுப்பை லாராவின் அப்பா, அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். அது இன்னும் கனமான விஷயம் இல்லையா?

2010 ஆகஸ்ட் 21ல், ஐரோப்பாவின் தெற்கு முனையில் உள்ள ஜிப்ரால்டரில் இருந்து கிளம்பினாள் லாரா. வயது 14!

மஞ்சள் கொடி ஏன்?

கேனரி தீவுகள், கேப் வெர்டி தீவுகள் எல்லாம் பார்த்துவிட்டு, அட்லாண்டிக் கடலைத் தனியாகத் தாண்டி, டிசம்பரில் அதே சின்ட் மார்ட்டன் தீவுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒரு வருடம் முன்பு எங்கிருந்து திருப்பி அழைத்து வந்தார்களோ, அதே இடம்!

வாரக்கணக்கில் தண்ணீரையே பார்த்துக் கண் பூத்துப்போனவர், கரை தெரிந்ததும் குதித்து ஓடத்தானே நினைப்பார்? கூடாது! வெளிநாட்டில் இருந்து வரும் படகு முதலில் ஒரு மஞ்சள் கொடியை ஏற்ற வேண்டும். 'என் படகில் நோய் எதுவும் இல்லை. உள்ளே வர அனுமதி தாருங்கள்' என்று அதற்கு அர்த்தம். அனுமதி கிடைக்கும்வரை கேப்டனைத் தவிர யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது.

இது பழைய காலத்துப் பயத்தில் இருந்து வந்த வழக்கம். அந்தக் காலத்தில் கப்பலோடு கொள்ளை நோயும் வந்து இறங்கும். வெனிஸ் நகரத்தில், வரும் கப்பல்களை 40 நாள் தள்ளி நிறுத்தி வைத்தார்கள். இத்தாலி மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லில் இருந்துதான் 'குவாரன்டைன்' வந்தது. 2020ல் கொரோனா வந்தபோது பல நாடுகள் துறைமுகங்களை மூடிவிட, எத்தனையோ சிறு படகுகள் இறங்க இடம் இல்லாமல் தவித்தன.

கேப்டன், ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க வேண்டும். சுகாதாரத் துறை, சுங்கத் துறை, குடியேற்றத் துறை, துறைமுக அலுவலகம் என்று வரிசையாகப் போகும். பாஸ்போர்ட், படகின் பதிவுச் சான்றிதழ், படகில் உள்ள பொருட்களின் பட்டியல், ஆட்களின் பட்டியல் எல்லாம் காட்ட வேண்டும். லாராவின் படகில் ஆட்கள் பட்டியல் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். கேப்டன்: லாரா. மாலுமி: லாரா. சமையல்: லாரா. பாத்திரம் கழுவுவது: அதுவும் லாரா!

இன்னொரு முக்கியமான காகிதம், 'கடைசியாகக் கிளம்பிய துறைமுகத்தில் தந்த அனுமதிச் சீட்டு'. 'இந்தப் படகு எங்கள் ஊரில் பாக்கி எதுவும் வைக்காமல், முறைப்படி கிளம்பிப் போகிறது' என்று அந்த ஊர் அதிகாரிகள் எழுதிக் கொடுப்பது. ஒரு பள்ளியில் இருந்து இன்னொரு பள்ளிக்கு மாறினால் டி.சி. கேட்பார்கள் இல்லையா? அதேதான்! டி.சி. இல்லாமல் போனால் அடுத்த ஊரில் சேர்க்க மாட்டார்கள்.

எல்லாம் முடிந்ததும் மஞ்சள் கொடியை இறக்கிவிட்டு, அந்த நாட்டின் கொடியைச் சின்னதாக மேலே ஏற்றுவார்கள். 'உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். உங்களுக்கு மரியாதை' என்று சொல்வது போல!

விசாவில் ஒரு வேடிக்கையும் உண்டு. சில நாட்டுக்காரர்கள் விமானத்தில் சுற்றுலா போனால் அமெரிக்காவுக்கு விசா வேண்டாம். அதே ஆள் சொந்தப் படகில் போய் இறங்கினால், விசா இருந்தே ஆக வேண்டும்!

கால்வாயில் தனியாகப் போக முடியாது!

2011 ஜனவரி 20ல் சின்ட் மார்ட்டனில் இருந்து உலகைச் சுற்றக் கிளம்பினாள் லாரா. அங்கிருந்து புறப்பட்டு, அங்கேயே திரும்பி வர வேண்டும் என்பது கணக்கு.

அட்லாண்டிக் கடலில் இருந்து பசிபிக் கடலுக்குப் போகக் குறுக்கு வழி பனாமா கால்வாய். சுமார் 80 கி.மீ. நீளம். வழியில் பிரம்மாண்டமான நீர்த்தொட்டிகளில் படகை நிறுத்தி, தண்ணீரை நிரப்பி, சுமார் 26 மீட்டர் உயரத்துக்குத் தூக்கி, மறுபக்கம் இறக்கிவிடுவார்கள்.

முதலில் கால்வாய் ஊழியர் படகுக்கு வந்து, டெய்லர் சட்டைக்கு அளவெடுப்பது போலப் படகை அளப்பார். அந்த அளவை வைத்துத்தான் கட்டணம். அடுத்து, தொட்டியில் தண்ணீர் கொப்பளிக்கும்போது படகு சுவரில் மோதாமல் நான்கு மூலையிலும் கயிறு பிடிக்க நான்கு பேர் வேண்டும். படகை ஓட்ட ஒருவர் தனி. கூடவே, கால்வாயில் இருந்து வரும் ஆலோசகர் ஒருவர். உலகையே தனியாகச் சுற்றுகிற சூரராக இருந்தாலும், இங்கே மட்டும் ஆள் சேர்த்தே ஆக வேண்டும்!

ஒட்டிக்கொண்டு வரும் திருட்டுப் பயணி

அடுத்து கலாபகஸ் தீவுகள். ராட்சத ஆமைகள் வாழும் இடம். அங்கே படகின் அடிப்பாகத்தைச் சோதிப்பார்கள். ஏன் தெரியுமா? படகின் அடியில் பாசியும், சிப்பி போன்ற உயிரினங்களும் ஒட்டிக்கொண்டு வரும். டிக்கெட் வாங்காத திருட்டுப் பயணிகள்! வெளியூர் உயிரினம் ஒன்று புதிதாக வந்து பெருகிவிட்டால், அங்கே மட்டுமே வாழும் அபூர்வ உயிரினங்களுக்கு ஆபத்து.

பிறகு பசிபிக் தீவுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் சேர்ந்தாள். ஆஸ்திரேலியா இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. வந்து சேர்வதற்குக் குறைந்தது 12 மணி நேரம் முன்பே தகவல் சொல்லிவிட வேண்டும். அதிகாரிகள் படகில் ஏறி, பழம், காய்கறி, இறைச்சி, தேன் என்று எது இருக்கிறது என்று துருவித் துருவிப் பார்ப்பார்கள். ஆபத்தானதை எடுத்து அழித்துவிடுவார்கள். ஒரு பழத்துக்குள் இருக்கும் புழு, ஒரு நாட்டுத் தோட்டங்களையே நாசம் செய்துவிடும் என்ற பயம்தான்.

டார்வினில் இருந்து செங்கடல் வழியாகப் போனால் ஐரோப்பாவுக்கு நெருக்கம். ஆனால், அந்தப் பக்கம் அப்போது கடற்கொள்ளையர் தொல்லை. எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் அவர்கள் கேட்க மாட்டார்களே! லாரா நேராக இந்தியப் பெருங்கடலைக் கடந்து, ஒன்றரை மாதம் தரையையே பார்க்காமல், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கிருந்து கேப் டவுன். அதன்பின் மறுபடியும் அட்லாண்டிக்.

கிடைக்காத ஒரு காகிதம்

2012 ஜனவரி 21. சின்ட் மார்ட்டன் துறைமுகத்துக்குள் 'கப்பி' நுழைந்தது. லாராவுக்கு அப்போது 16 வயது, நான்கு மாதம். தனியாக உலகைச் சுற்றியவர்களிலேயே மிக இளையவள்!

இத்தனை காகிதம் சேர்த்தவளுக்கு ஒரே ஒரு காகிதம் மட்டும் கிடைக்கவில்லை. கின்னஸ் சான்றிதழ்! 'மிக இளையவர்' என்ற சாதனையைப் பதிவு செய்வதை கின்னஸும், பாய்மரப் பயணச் சாதனைகளைப் பதியும் உலக அமைப்பும் நிறுத்தியிருந்தன. அதைக் கொடுக்கப்போய், இன்னும் சின்ன வயதுப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கடலில் இறங்கிவிடுவார்களே என்ற கவலைதான்.

சிறுமி லாரா இப்போது பெரியவர் ஆகிவிட்டார். எனவே இனி 'அவர்' என்றே சொல்வோம்! பயணம் முடிந்ததும் தான் பிறந்த நியூசிலாந்துக்குப் படகிலேயே போய்ச் சேர்ந்தார். பிறகு, சிறுவர், சிறுமியரைக் கடல் பயணத்துக்கு அழைத்துச் செல்லும் அமைப்பு ஒன்றையும் தொடங்கினார்.

யோசித்துப் பாருங்கள் குட்டீஸ். லாராவிடம் கேட்ட கேள்விகள் அவருடைய கனவை 11 மாதம் நிறுத்தி வைத்தன. அது அவருக்குப் பெரிய வருத்தம்தான். ஆனால், அந்த மாதங்களில்தான் பெரிய படகு வந்தது, முதலுதவி வந்தது, படிப்புக்கு வழி பிறந்தது. கேள்வியே கேட்காமல் முதல் நாளே விட்டிருந்தால்? அல்லது, கடைசிவரை விடாமலே இருந்திருந்தால்? நீங்கள் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன தீர்ப்பு சொல்லியிருப்பீர்கள்? இன்று இரவு சாப்பிடும்போது அப்பா, அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு கோர்ட் நடக்கும்!

கேப்டன் பையில் என்ன இருக்கு?

* எல்லோருடைய பாஸ்போர்ட், தேவையான விசாக்கள்.
* படகின் பதிவுச் சான்றிதழ்.
* ரேடியோ லைசென்ஸ், அதை இயக்குபவரின் சான்றிதழ்.
* அபாய ஒலிபரப்பியைப் பதிவு செய்த சீட்டு.
* படகு ஓட்டும் தகுதிச் சான்றிதழ் (கேட்கிற நாடுகளில்).
* படகின் இன்சூரன்ஸ் பத்திரம்.
* ஆட்கள் பட்டியல், பொருட்கள் பட்டியல்.
* கடைசித் துறைமுகத்தின் அனுமதிச் சீட்டு.
* மருந்துகளுக்கு டாக்டர் சீட்டு.
* நாய், பூனை கூட வந்தால் அதற்கும் தடுப்பூசிச் சான்றிதழ்.
* சிறுவர்கள் பெற்றோர் இல்லாமல் போனால், பெற்றோர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம்.
* மஞ்சள் கொடி ஒன்று. போகிற நாடுகளின் கொடிகள் ஒவ்வொன்று.